பெரட்டும் பி.எச்.டி.யும்

1911-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபிரெடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் தொழிற்சாலை நிர்வாகத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒரு கூலியாள் நாளொன்றுக்கு எத்தனை டன் இரும்பு தூக்கலாம், நடுவில் எப்போது உட்காரலாம், எவ்வளவு காசு கூட்டினால் எவ்வளவு கூடுதலாக உழைப்பார் என்றெல்லாம் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்த நூல். அதே 1911-இல் பேராக்கில், ஈப்போவுக்குப் பக்கத்துத் தஞ்சோங் ரம்புத்தானில், பெரிய மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை.

இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் பேராக் தமிழர் வீட்டில் ஒரு பெண் "சைக்காலஜி எடுக்கப் போறேன் பாட்டி" என்றால் முதலில் வந்து நிற்பது அந்த மருத்துவமனைதான். "அப்ப தஞ்சோங் ரம்புத்தான்லயா வேல?" நூறு ஆண்டுகளாக ஊர்ப் பெயரே வசவாகிப்போன இடம் அது. ஆகவே எங்கள் பக்கத்து உளவியல் மாணவருக்கு முதல் வேலை, தான் படிப்பது பைத்தியத்துக்கு வைத்தியம் அல்ல என்று வீட்டில் புரியவைப்பது. வேலையிடத்து உளவியல் என்றால் இன்னும் சிரமம். ஆளெடுப்பு, பயிற்சி, மேற்பார்வை, ஷிஃப்ட் வேலையின் சோர்வு, சம்பளத்தில் நியாயம், வேலை போனால் மனிதன் என்ன ஆகிறான் என்பது வரை அதில் அடக்கம். "அதுக்கு எதுக்கும்மா யுனிவர்சிட்டி? மண்டோரக் கேட்டா சொல்லிட்டுப் போறாரு" என்று பாட்டி சொன்னால் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

பட்டப்படிப்பை முடித்த பேத்திக்கு அடுத்த குழப்பம் வேறு. மாஸ்டரோடு நிறுத்திக்கொள்வதா, பி.எச்.டி. வரை போவதா? சம்பளத்தை வைத்தே இதற்குப் பதில் சொல்லிவிடுபவர்கள் உண்டு. பேராக்கில் இருந்துகொண்டு யோசிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பாதிதான் உதவும். மீதிக்கு ரப்பர் தோட்டத்துக்குப் போய் வர வேண்டும்.

1877-இல் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் தன் தோட்டத்தில் நட்ட சில கன்றுகள் மலாயாவின் முதல் ரப்பர் மரங்களில் சேர்ந்தவை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என்று மாநிலம் முழுக்கக் கித்தா காடு பரவியது. மரத்தோடு சேர்ந்து வந்தவர்கள் தமிழர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிந்தபின் கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்துவந்தார். 1938-இல் இந்திய அரசு அதற்குத் தடை போடும்வரை அது நடந்தது.

விடிவதற்கு முன் பெரட்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே ஆட்கள் களத்தில் வரிசையாக நிற்பார்கள். எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். மேற்பார்வையாளரான மண்டோர் நிரை, அதாவது வெட்ட வேண்டிய மர வரிசை, பிரித்துக் கொடுப்பார். யாருக்கு நல்ல மரம், யாருக்குப் பட்டை தீர்ந்த கிழ மரம், யாருக்குச் சரிவுக் காடு என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் முடிவாகும். மண்டோரோடு முறைத்துக்கொண்டவனுக்கு நாலு மாதம் மேட்டுக்காடு. பத்து மணிக்கு மேல் பால் வாளிகள் கொட்டகைக்கு வரும். நிறுப்பவர் கையையும் முள்ளையும் எல்லாருடைய கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று நிறுப்பவர்கள் சந்தேகிப்பார்கள், தராசில் கள்ளம் இருக்கிறது என்று பால் வெட்டியவர்கள் சந்தேகிப்பார்கள்.

இன்றைய பாடநூலில் இந்த ஒரு காலைப் பொழுதுக்கு அரை டஜன் அத்தியாயம் இருக்கிறது. வேலைப் பங்கீட்டில் நியாயம், மேற்பார்வையாளரின் தன்னிச்சை அதிகாரம், உற்பத்திக்கேற்ற கூலி, நம்பிக்கை. கங்காணிக்குத் தன் ஆட்களில் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்குச் சில காசு உண்டு. வருகைப் பதிவை உயர்த்த நிர்வாகம் கண்டுபிடித்த ஊக்கத்தொகைதான் அது, வேறொன்றும் இல்லை. அதன் விளைவு என்ன? காய்ச்சலில் கிடந்தவனையும் கங்காணி எழுப்பினார். அவன் மச்சானோ மருமகனோ, அதனால் எழுந்து வந்தான். சொந்தபந்தத்தையே மேற்பார்வைக் கருவியாக மாற்றிய அமைப்பு அது. சிகாகோவுக்கு அருகே ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1924-இலிருந்து 1932 வரை நடந்த ஆய்வுகளையும் ஹார்வர்டின் எல்டன் மேயோவையும் குறிப்பிடாத பாடநூல் இந்தத் துறையில் கிடையாது. கூலியும் வெளிச்சமும் மட்டுமே வேலையை நிர்ணயிப்பதில்லை, கூட இருப்பவர்களும் கவனிப்பவர்களும் நிர்ணயிக்கிறார்கள் என்று அங்கிருந்து பேசத் தொடங்கினார்கள். அதே ஆண்டுகளில் எங்கள் கங்காணிகள் அதை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

துரைமார்களுக்கும் இது தெரியாமல் இல்லை. பத்து காஜாவுக்கு வெளியே கெல்லி மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் பேய்க் கதைகளைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கேயும் போக வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நடுவில் கொள்ளைநோய் வந்து வேலையாட்கள் சாகத் தொடங்கியபோது, அம்மனுக்குக் கோயில் கட்டித் தரும்படி அவர்கள் கேட்டார்கள் என்றும், கெல்லி இணங்கினார் என்றும், வேலை மறுபடி நடந்தது என்றும் சொல்வார்கள். கோயில் கூரையில் தெய்வங்களுக்கு நடுவே வெள்ளைக்கார உடையில் ஒரு உருவம் நிற்பதை இன்றும் பார்க்கலாம், அது கெல்லிதான் என்பார்கள். அவர் 1926-இல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முடியவில்லை. கோயிலில் பூசை நடக்கிறது. இதைக் கருணை என்பதா, நல்ல நிர்வாகம் என்பதா? இரண்டும் என்றே நினைக்கிறேன். பயத்தில் இருக்கும் மனிதன் எதைக் கேட்கிறான் என்று காது கொடுத்ததுதான் அதில் முக்கியம். ஊழியர் நலத் திட்டம் என்ற பெயரில் இன்று நிறுவனங்கள் பழ நாள், யோகா வகுப்பு என்று நடத்துகின்றன. ஆட்களிடம் கேட்டுவிட்டு நடத்துபவை எத்தனை என்று தெரிந்துகொள்ள ஆசை.

கேட்காமலே விட்டதன் பலன் 1941-இல் கிள்ளானில் தெரிந்தது. பேராக்கிலிருந்து தெற்கே, சிலாங்கூர் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றோர் வழிநடத்திய வேலைநிறுத்தத்தில் கோரிக்கைப் பட்டியல் ஒன்று இருந்தது. கூலி உயர்வு அதில் உண்டு. ஆனால் பட்டியலின் மற்ற வரிகள்தான் என்னை நிறுத்தி வைக்கின்றன: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், தொழிலாளரை அடித்து உதைக்கும் மேலாட்களை நீக்க வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். வேலையில் மரியாதை என்பதைப் பற்றி மலாயாத் தமிழர் பேசிய முதல் பெரிய பேச்சு அதுதான். அதைப் பேசியவர்கள் எந்தப் பட்டமும் வாங்கியவர்கள் அல்லர். சைக்கிளை விட்டு இறங்கி இறங்கிச் சலித்தவர்கள்.

தோட்டத்தில் மனிதர்களைப் பற்றிய அறிவு இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. ஆனால் அது செக்ரோல் வைத்திருந்தவர் பக்கம் இருந்தது. எழுதியது அவர்கள், எழுதப்பட்டது நாங்கள். பேத்தியின் மாஸ்டர், பி.எச்.டி. குழப்பத்தை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகவே சொல்லலாம், எல்லாருக்கும் தெரிந்த கதை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960-இல், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன், தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அறுபதுகளின் இறுதியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக, பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உலக ரப்பர் உற்பத்தியில் மலேசியாவின் முதலிடம் தாய்லாந்துக்குப் போனது. நகரத்துப் பக்கம் இருந்த தோட்டங்கள் குடியிருப்புத் தாமான்களாகவும் கோல்ஃப் மைதானங்களாகவும் ஆயின. ஆட்கள் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு, ஜெலாப்பாங் என்று ஈப்போவின் ஓரங்களில் வந்து சேர்ந்தார்கள்.

வேகமாகச் சொல்லிவிட்ட இந்தப் பத்தியில்தான் உண்மையில் நிறைய இருக்கிறது. தோட்டத்தில் வேலை போவதும் ஃபேக்டரியில் வேலை போவதும் ஒன்றல்ல. தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டம் விற்கப்பட்ட நாளில் சம்பளமும் லயத்து வீடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரே கடிதத்தில் போயின. அதிகாலை மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அதன்பிறகும் அதே நேரத்துக்கு எழுந்தது, எங்கே போவது என்று தெரியாமல்.

ஆஸ்திரியாவில் மரியென்தால் என்றொரு ஊர். ஒரே ஒரு நூற்பாலையை நம்பி இருந்த கிராமம். பெரும் பொருளாதாரச் சரிவில் ஆலை மூடியது. மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அங்கே போய்ப் பார்த்து 1933-இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். வேலை இல்லாதவர்களுக்கு நேரம் நிறையக் கிடைத்தது, ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் நடப்பவர்களை மறைவிலிருந்து கவனித்து, ஆண்களின் நடை மெதுவாகிவிட்டதையும் நடுவில் நின்று நின்று போவதையும் கணக்கெடுத்தார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் அவர்கள் அவ்வளவு நிற்கவில்லை. பல பத்தாண்டு கழித்து யகோடா இதை ஒரு கோட்பாடாக விரித்தார்: வேலை கூலியை மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே மனிதரையும், கூட்டு நோக்கத்தையும், ஒரு நிலையையும் தருகிறது, போகும்போது எல்லாம் சேர்ந்து போகிறது.

அந்த நூலைப் படிக்கும் பேராக்காரருக்கு மரியென்தால் ஆஸ்திரியாவில் இருப்பதாகத் தோன்றாது. எங்கள் தோட்டங்களைப் பற்றி மானிடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ரவீந்திர ஜெயினின் நூல் 1970-இல் வந்தது, தோட்ட வெளியேற்றங்களைப் பற்றிய ஆண்ட்ரூ வில்ஃபோர்டின் நூல் 2014-இல். ஆனால் வேலையிடத்து உளவியலின் கருவிகளோடு, பால் வெட்டிய கையிலிருந்து கத்தி போன பிறகு அந்த மனிதருக்கு நேரம் என்ன ஆனது, மனைவிக்கும் கணவனுக்கும் இடையே யார் நின்று யார் நடந்தார்கள் என்று கேட்க வேண்டிய இடம் இன்னும் நிறைய இருக்கிறது. இந்த மாதிரி ஒரு கேள்வி யாரையாவது தூங்க விடாமல் செய்தால், அவர் போக வேண்டியது பி.எச்.டி.க்கு.

மற்றவர்களுக்கு? மாஸ்டர் போதும் என்பதுதான் என் கட்சி. மற்றவர்கள்தான் பெரும்பாலோர்.

இன்றைய ஈப்போவை எடுத்துக்கொள்ளுங்கள். கார்செம், யூனிசெம் போன்ற சிப் நிறுவனங்களும், தாசேக், ஜெலாப்பாங், செம்மோர் பக்கத் தொழிற்பேட்டைகளும், தெற்கே தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார்த் தொழிற்சாலையும் இருக்கின்றன. எழுபதுகளிலிருந்தே தோட்டத்துப் பெண்கள் ஃபேக்டரி பஸ் ஏறத் தொடங்கிவிட்டார்கள். பெரட்டுக்குப் பதில் பஞ்ச் கார்டு வந்தது, இப்போது கைரேகையும் முகமும். இங்கெல்லாம் எச்.ஆர். அறைக்கு வரும் பிரச்சினைகளைப் பாருங்கள். இரவு ஷிஃப்டில் தவறுகள் கூடுகின்றன. புது ஆட்கள் மூன்று மாதத்தில் ஓடிப்போகிறார்கள். நல்ல ஆபரேட்டரை லைன் லீடர் ஆக்கினால் அவர் மோசமான லீடராக இருக்கிறார். இவற்றுக்குப் புதிய கோட்பாடு தேவையில்லை. உலகம் நூறு ஆண்டாகச் சேர்த்துவைத்த விடைகளை எடுத்து, இந்த லைனுக்கு, இந்த ஆட்களுக்குப் பொருத்தத் தெரிந்தவர் தேவை. நேர்முகத் தேர்வை ஒழுங்குபடுத்தத் தெரிய வேண்டும், கேள்வித்தாள் செய்யத் தெரிய வேண்டும், கிடைத்த எண்ணை முதலாளி விரும்பியபடி வளைக்காமல் படிக்கத் தெரிய வேண்டும். ஒன்றரை இரண்டு ஆண்டு மாஸ்டர் படிப்பு அதைத் தரும்.

படிக்க இடம் இல்லை என்ற காலமும் போய்விட்டது. பாட்டி காலத்தில் ஏணி மிகக் குட்டை: தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதன்பின் புகுமுக வகுப்பைத் தாண்டி இடைநிலைப் பள்ளி, தாண்டியவர்களில் ஒருவர் இருவர் கிராணி அல்லது ஆசிரியர். இன்று கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்திலேயே உளவியலில் இளங்கலை படிக்கலாம். ஈயச் சுரங்கத்துக்குப் பேர்போன ஊர் அது, 2007-இல் அங்கே வளாகம் வந்தது. சபா பல்கலைக்கழகத்தில் தொழில், நிறுவன உளவியலையே இளங்கலைப் பாடமாக எடுக்கலாம். மாஸ்டருக்கு பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகமான யு.கே.எம். இருக்கிறது. மாஸ்டரிலும் வகை உண்டு. வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் கோர்ஸ்வொர்க், முழுக்க ஆய்வு, இரண்டும் கலந்தது. வேலைக்குப் போக நினைப்பவருக்கு முதலாவது, பிறகு பி.எச்.டி.யை யோசிப்பவருக்கு மற்ற இரண்டும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பேர் பதிந்துவிட்டு, பிறகு பி.எச்.டி.க்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வு அனுபவம் எங்கே என்று கேட்டால் விழிப்பவர்கள் உண்டு.

உரிமம் விஷயத்திலும் தெளிவு வேண்டும், ஏனென்றால் பி.எச்.டி. எடுத்தால்தான் "சைக்காலஜிஸ்ட்" என்று பலகை மாட்டலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மலேசியாவில் ஆலோசகர்களுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவமனை சார்ந்த கிளினிக்கல் உளவியலாளர்கள் 2016-ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறார்கள், அவர்களுக்கே மாஸ்டர்தான் அடிப்படைத் தகுதி. வேலையிடத்து உளவியலாளருக்கு அப்படியொரு சட்டப் பதிவு இல்லை. அரசாங்கச் சேவையில் உளவியல் அதிகாரியாக நுழைய இளங்கலையே போதும். ஆகவே முனைவர் பட்டம் எந்தப் பூட்டையும் திறப்பதில்லை, ஒன்றைத் தவிர: பல்கலைக்கழக விரிவுரையாளர் பணியும் ஆய்வும். அந்தக் கதவு வேண்டும் என்றால் வேறு வழி இல்லை, போய்த்தான் ஆக வேண்டும்.

பிறகு ஏன் இத்தனை பேர் பி.எச்.டி. பி.எச்.டி. என்று அடித்துக்கொள்கிறார்கள்? ஒரு காரணம் அரசாங்கமே. 2023-க்குள் 60,000 முனைவர்கள் என்ற இலக்கோடு மைபிரெய்ன்15 திட்டம் வந்தபோது பலருக்குக் கதவு திறந்தது, நல்லதுதான். பிறகு அது சுருங்கி, 2025 பட்ஜெட்டில் மைபிரெய்ன் 2.0 என்று திரும்பி வந்தது. உதவித்தொகை வந்துபோகும், அதை நம்பி மட்டும் ஐந்து ஆண்டுத் திட்டம் போடக்கூடாது. இன்னொரு காரணம் நாங்கள். தோட்டத்தில் பெரிய துரை, சின்ன துரை, பெரிய கிராணி, சின்ன கிராணி, மண்டோர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வீடு. மேட்டில் பங்களா, கீழே லயம். அந்தப் படிகளைப் பார்த்தே வளர்ந்த சமூகத்துக்குப் பெயருக்கு முன் "டாக்டர்" என்பது வெறும் பட்டமாகத் தெரிவதில்லை, பங்களாவாகத் தெரிகிறது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கலாம். கோயில் கூட்டத்தில் முதல் வரிசை நாற்காலி கிடைக்கும். இதற்காக ஒருவர் தன் இருபதுகளின் பின்பாதியை முழுதாகக் கொடுத்து, யாரும் கேட்காத கேள்விக்கு எழுபது பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி, வைவாவில் பதில் சொல்லித் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதில் பெண்களுக்குக் கூடுதல் பாரம். மாஸ்டர் முடிந்ததும் "எப்பக் கல்யாணம்?" என்று வரும் கேள்வியைத் தள்ளிப்போட பி.எச்.டி. ஒரு மறைவிடமாகவும் ஆகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது ஆய்வுத் தலைப்பு ஆகாது.

காசுக் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. மாஸ்டரோடு ஃபேக்டரிக்குப் போனவர் ஐந்து ஆண்டில் எச்.ஆர். மேனேஜர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்திருப்பார், ஈ.பி.எஃப். கணக்கில் பணமும் இருக்கும். பி.எச்.டி.க்குப் போனவர் அந்த நேரத்தில் சூப்பர்வைசருக்கு மூன்றாம் அத்தியாயத்தை மூன்றாவது முறை அனுப்பியிருப்பார். முப்பது வயதுக்கு மேல் பல்கலைக்கழகத்தில் நுழையும்போது நிரந்தர இடம் காலியாக இருக்கிறதா என்பதும் அதிர்ஷ்டம்.

ஆனால் மாஸ்டர் எடுத்து எச்.ஆர். அறைக்குள் போகிறவருக்கும் ஒரு எச்சரிக்கை. அவர் உட்காரும் நாற்காலி செக்ரோல் வைத்திருந்தவருடைய நாற்காலி. சம்பளம் நிர்வாகத்திடமிருந்து வருகிறது. "இந்த மாதம் லீவு அதிகம், காரணம் கண்டுபிடி" என்பார்கள், "நிரை நியாயமாகப் பிரிக்கப்படுகிறதா என்று கண்டுபிடி" என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதைத் தானாகக் கேட்க வேண்டும். இப்போது அதற்குச் சட்டத்தின் துணை முன்னைவிட அதிகம். திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 முதல் வார வேலை நேரத்தை 45 மணி ஆக்கியது, 98 நாள் மகப்பேறு விடுப்பு தந்தது, நெகிழ்வான வேலைநேரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமையும் தந்தது. பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூனில் நடப்புக்கு வந்தது. வேலையிடத்தில் மன அழுத்தம் போன்ற ஆபத்துகளை மதிப்பிட வழிகாட்டியும் வந்திருக்கிறது. நெகிழ்வான வேலைநேரம் கேட்கும் தாய் யார்? ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு இருட்டில் பெரட்டுக்கு ஓடியவளின் பேத்தி.

இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். தொழிலாளர் தங்குமிடத்துக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் 446-ஆம் சட்டம் 1990-இல் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் என்றுதான் வந்தது. 2019-இல் திருத்தி, 2020 முதல் எல்லாத் துறைகளுக்கும் விரித்தார்கள். ஏன்? லயத்திலிருந்து நாங்கள் வெளியேறிவிட்டோம், ஆனால் லயம் மறையவில்லை. ஃபேக்டரிகளைச் சுற்றி ஹாஸ்டல்களாகவும் கடைவீட்டு மாடிகளாகவும் அது இருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர், மியன்மார்க்காரர். கடன் வாங்கிக் கடல் தாண்டி வந்து, ஏஜெண்டு சொன்ன சம்பளமும் கிடைத்த சம்பளமும் வேறாக இருப்பதைக் கண்டு, ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, வேலையும் படுக்கையும் ஒரே முதலாளியிடம் இருப்பவர்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாக்களின் நிலைமை இது. அவர்களைப் பற்றிய அறிவும் இன்று எச்.ஆர். அறையில், ஒரு பக்கமாகத்தான் சேர்கிறது. தோட்டத்திலிருந்து வந்த ஒரு வேலையிடத்து உளவியலாளர் இதைப் பார்த்தும் பார்க்காமல் போவார் என்றால், அவர் மாஸ்டர் எடுத்தாரா பி.எச்.டி. எடுத்தாரா என்பதில் எனக்கு அக்கறை இல்லை.

அக்கறை உள்ளவருக்கு நடைமுறையில் என்ன வழி? இளங்கலை முடிந்த கையோடு இரண்டில் எதற்கும் போக வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு ஒரு ஃபேக்டரியிலோ மருத்துவமனையிலோ தொழிற்சங்க அலுவலகத்திலோ வேலை பார்க்கலாம். ஆட்களை எடுப்பதும் அனுப்புவதும் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு கோர்ஸ்வொர்க் மாஸ்டரில் உட்கார்ந்தால் வகுப்பில் சொல்வதற்கெல்லாம் முகமும் பெயரும் இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகவும் படிக்கலாம். அந்த ஆண்டுகளில் ஏதாவது ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றால், ஆய்வு வழி மாஸ்டரில் சேர்ந்து தொடங்கலாம். வேலை நன்றாகப் போனால் நடுவிலேயே அதை பி.எச்.டி.யாக மாற்றிக்கொள்ள இங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் பதற்றம் நியாயம். கேள்வி தோட்டத்தைப் பற்றியது என்றால், பதில் வைத்திருப்பவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். புரொபோசல் எழுதி, குழு பார்த்து, நெறிமுறை ஒப்புதல் வந்து, நேர்காணலுக்குப் போவதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிடும். ஆய்வுக்கான பேட்டிக்கு அந்த ஒப்புதல் கட்டாயம்தான். ஆனால் சொந்தப் பாட்டியிடம், பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கேட்டுப் பதிந்துவைக்க அவர்களுடைய சம்மதம் போதும். நிரை எப்படிப் பிரித்தார்கள், மண்டோரோடு யார் சண்டை போட்டார்கள், தோட்டம் விற்ற கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள், மறுநாள் காலை எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் மாஸ்டர் என்று நிரப்புவதா பி.எச்.டி. என்று நிரப்புவதா என்பதை அடுத்த இன்டேக்குக்குள் முடிவு செய்துகொள்ளலாம்.